ஏழு கூரைக் கற்கள்

சென்ற மாதம் ஒரு பெண் பொறியாளர் போன் செய்தார். நான் வேலை பார்த்த துறையில் இப்போது இருக்கிறார். பழைய கட்டடங்களைக் கல் கல்லாகப் பிரித்து வேறு இடத்தில் மறுபடி கட்டுகிற பிரிவு. இப்போதெல்லாம் ஒரு கருவியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது ஒரு சுற்றுச் சுற்றி, கல்லின் மேடுபள்ளம் அத்தனையையும் பதிந்துகொள்கிறதாம். "உங்க காலத்துல கல்லுக்கு எப்படி சார் நம்பர் போட்டீங்க?" என்று கேட்டார். பயிற்சி வகுப்பில் சொல்ல வேண்டுமாம்.

"தப்பாப் போட்டேன்மா" என்றேன்.

அவர் சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார். தன்னடக்கம் எனக்குக் கிடையாது, என் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மையாகவே தப்பாகத்தான் போட்டேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மாகறலில் எங்களுக்கு நிலம் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். நான் நான்காவது. வாலாஜாபாத்தில் கல்வேலை செய்துகொண்டிருந்த ஒரு மேஸ்திரியிடம் அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டார். சில வருஷம் சம்மட்டி, அப்புறம் உளி. எட்டாவது வரை படித்திருந்ததால் நோட்டில் படம் போட்டு எழுதுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. அந்த நோட்டுத்தான் என்னைத் துறைக்குள் தற்காலிக மேஸ்திரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அறுபதுகளில் பாதியை மதில்சுவரிலும் குளப்படியிலும் சத்திரத்துத் தூண்களிலும் கழித்தேன்.

எனக்கு அதிகாரியாக வாய்த்தவர் ராகவ ராவ். வீட்டில் தெலுங்கு, வேலையிடத்தில் பொறுமையான தமிழ். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. தரையில் கிடக்கும் எந்தக் கல்லையும் தாண்டிப் போக மாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவார். பிரிக்க வேண்டிய கட்டடம் எதுவானாலும் முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்று நடப்பார். அப்புறம் புறங்கையால் கல்லைத் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதற்கு அவசியமும் இருந்ததில்லை. நாம் என்ன சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பார்: "நிச்சயமாத் தெரியுமா, தெரியும்னு நினைக்கிறியா?" அவ்வளவுதான். சொன்னதை மறுபடி சரிபார்க்கப் போய்விடுவோம்.

எண் போடுவதற்கு அவருடைய முறை ஒன்று இருந்தது. எண்ணை வெளிப்பக்கத்தில் எழுதக்கூடாது. ஒரு கல் இன்னொரு கல்லோடு பொருந்துகிற உள்முகத்தில், எனாமல் பெயிண்டால் எழுத வேண்டும். மறுபடி கட்டியதும் எண் உள்ளே மறைந்துவிடும், யார் கண்ணையும் உறுத்தாது. அதோடு நோட்டில் படம் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அந்தக் கல்லின் நீளம், அகலம், கனம் எழுத வேண்டும். கல்லில் எண் அழிந்தாலும் நோட்டு பேசும், நோட்டு தொலைந்தாலும் கல் பேசும். இதை நான் பத்து இடங்களில் செய்திருக்கிறேன். பதினோராவது இடத்தில் கோட்டை விட்டேன்.

அது பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர்கள் குடியிருக்கும் ஒரு தெருவின் முனையில் இருந்த நாலுகால் மண்டபம். நாலு தூண், மேலே ஏழு கூரைக் கற்கள், அவ்வளவு சின்னது. எழுபதுகளின் தொடக்கத்தில் சாலையை அகலப்படுத்தினார்கள். பஸ் திரும்ப இடமில்லாமல் மண்டபம் குறுக்கே நின்றது. இடித்துவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. தெருக்காரர்கள் விடவில்லை. கடைசியில், பிரித்து இருபதடி உள்ளே தள்ளிக் கட்டித் தருவது என்று முடிவாகி எங்கள் துறைக்கு வந்தது.

தெருவின் நாட்டாண்மை ஏகாம்பரம், நாற்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர். வேலை தொடங்கிய அன்றே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பங்குனித் திருவிழால ஆறாம் நாள் காலைல சாமி எங்க தெருவுக்கு வருது. இந்த மண்டபத்துல எறக்கி வைப்பாங்க. எங்க தெருவுல நெய்ஞ்ச பட்டைத்தான் அன்னைக்குச் சாத்துவாங்க. மண்டபம் இல்லன்னா சாமிய எங்க எறக்கறது? அடுத்த தெருக்காரங்க பந்தல் போட்டுக்கினு ரெடியா கீறாங்க. ஒரு வருசம் அங்க நின்னுட்டா, அப்பறம் இங்க நிக்காதுபா."

"திருவிழாவுக்கு முன்னாடி கட்டிடுவோம்" என்றேன். ராவ் சார் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். அவர் அப்போது வேறு ஊர் வேலையில் இருந்தார். காஞ்சிபுரம் முழுக்க என் பொறுப்பு.

பிரிக்கிற அன்று மண்டபத்துக்குள் ஒருவர் படுத்திருந்தார். பொன்னுரங்கம் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். வலது காலில் யானைக்கால். குழித்தறியில் உட்கார்ந்தால் அந்தக் கால் மிதியில் நிற்காது, குழிக்குள்ளேயே இறங்காது. தறியை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. காலை உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும் என்று யாரோ வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதனால் பகல் முழுக்க மண்டபத்தில் மல்லாந்து படுத்து, காலைத் தூக்கித் தூணில் சாய்த்து வைத்துக்கொண்டிருப்பார். தெருவில் அவருக்கு 'மண்டபத்து ஜமீன்' என்று பட்டப்பெயர்.

"யோவ், எழுந்திரு. கூரையை இறக்கணும்" என்றேன்.

"நான் எங்கபா போறது?"

"எங்கேயாவது போ."

துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். நாலடி நடந்தவர் திரும்பி, "மீன் போட்ட கல்லைப் பாத்து எறக்குங்கபா. ஓரத்துல விரிசல் இருக்குது" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னைவிட வயதில் அவ்வளவு மூத்த மனிதரிடம் அப்படிப் பேசினேன் என்பது இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

எனாமல் டப்பாவைத் திறந்ததும் ஏகாம்பரத்தின் மனைவி தனபாக்கியம் ஓடிவந்தார். "சாமி உக்கார்ற கல்லுபா இது. கதவுக்கு அடிக்கிற பெயிண்டை இதுல பூசுவியா?" பின்னால் பத்துப் பெண்கள் நின்றார்கள். தர்மசங்கடமாகிவிட்டது. சரி போகட்டும் என்று காவியைக் கரைத்து எழுதினேன். அது ஒரு தப்பு. அடுக்கி வைத்தபின் தேடாமல் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று வெளிமுகத்தில் பெரிதாக எழுதினேன். அது இரண்டாவது தப்பு. காவி அழியும் என்று தெரிந்தும், அளவுகளை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நோட்டில் படத்தையும் எண்ணையும் மட்டும் போட்டு வைத்தேன். அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

அடிமேடையைப் புது இடத்தில் கட்டி முடிக்கும்வரை ஒரு சிக்கலும் இல்லை. தூண் நிறுத்துகிற வேலை சனிக்கிழமை தொடங்குவதாக ஏகாம்பரத்திடம் சொல்லியிருந்தேன். திருவிழாவின் ஆறாம் நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

சனிக்கிழமை காலையில் போனால் கற்களெல்லாம் பளபளவென்று இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். தூண் நிறுத்துவதற்கு முன் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டாமா? அழுக்குக் கல்லுக்கா வைப்பது? தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடி, சீயக்காய் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு. காவி இருந்த தடம் கூட இல்லை.

"எவ்ளோ அழுக்குபா" என்று தனபாக்கியம் பெருமையோடு சொன்னார். "செவப்பு செவப்பா என்னமோ கிறுக்கி வேற வச்சிருந்தாங்க. தேய்ச்சுத் தேய்ச்சு எங்க கையே போச்சு."

நான் ஒரு கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விஷயம் புரிந்ததும் அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். ஏகாம்பரம் அடுத்த தெருப் பக்கம் ஒரு முறை பார்த்தார், பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

தந்தி கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ராவ் சார் வந்து சேர்ந்தார். மூன்று சுற்று நடந்தார். மஞ்சளை மிதிக்காமல் நடந்தார்.

"பொம்பளைங்க கழுவிட்டாங்க சார்" என்றேன்.

"காவில எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"வெளிமுகத்துல எழுதினது?"

"நான்தான்."

"அளவு?"

அளவு எழுதாத நோட்டைத் திறந்து காட்டினேன். அவர் ஒரு தாளை நீட்டி, "எண் அழிந்ததற்குக் காரணம் நான் என்று உன் கையால எழுதிக் குடு. அந்த அம்மாங்க பேரு எங்கயும் வரக்கூடாது. அப்பறம் வேலையைப் பாப்போம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அதைவிட, நான் வாக்குக் கொடுத்த அந்தத் தெருவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பெரிய கவலையாக இருந்தது.

தூண்களுக்கு வழி கிடைத்தது. நெசவுக்கான பாவு நூலை விடிகாலையில் தெருவில் நீட்டும்போது கயிற்றைத் தூணில்தான் கட்டுவார்கள். எந்தத் தூணில், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் தழும்பு என்று ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். தடவிப் பார்த்தால் விரல் பதிகிற பள்ளம். தூண் தெரிந்தால் அதன் தலையில் இருக்கும் முளையை வைத்து, அதில் உட்காருகிற போதிகைக் கல்லும், அதை வைத்து மேலே வருகிற உத்திரக் கல்லும் தெரிந்துவிடும். நாலு நாளில் உத்திரம் வரை ஏற்றிவிட்டோம்.

கூரைதான் உதைத்தது. ஏழு கற்களும் ஏறக்குறைய ஒரே நீளம். முளையோ துளையோ கிடையாது. ஆனால் பழைய கல்தச்சர்கள் ஒவ்வொன்றின் ஓரத்தையும் பக்கத்துக் கல்லுக்கு ஏற்றபடி வளைத்துச் செதுக்கியிருந்தார்கள். வளைவு அவ்வளவு மெல்லியது, உத்திரத்தின் மேல் உட்காரவைத்தால்தான் பொருந்துகிறதா என்று தெரியும். வரிசை மாறினால் இடைவெளி விழும், கல் ஆடும். கீழே சாமியும் ஆட்களும் நிற்கப் போகிறார்கள். ஏழு கல்லை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம் என்று நோட்டில் கணக்குப் போட்டேன். ஐயாயிரத்தைத் தாண்டியது. ஒரு கல்லை ஏற்றி இறக்கவே அரை நாள் ஆகும்.

"இந்தக் கூரையைக் கீழேருந்து பாத்தவங்க யாருமே இல்லையா?" என்று ராவ் சார் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து அந்த மண்டபத்தைத் தாண்டிப் போகிறவர்கள், வருஷம் தவறாமல் அங்கே சாமி கும்பிடுகிறவர்கள். ஒருவருக்கும் கூரை தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் மீன் கல் ஞாபகம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு கல்லில் இரண்டு மீன்கள், ஓரத்தில் மயிரிழை விரிசல்.

பொன்னுரங்கம் வடக்குத் தெருவில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். படுக்க விடவில்லையாம். கால் பானை போல் வீங்கியிருந்தது. "அண்ணே, கொஞ்சம் வரணும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன தடவை 'யோவ்' என்றவன் ஆயிற்றே. ஆனாலும் வந்தார்.

கற்களைச் சுவரோரம் சாய்த்து, அடிப்பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தியிருந்தோம். அவர் வெகுநேரம் பார்த்தார். கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஜமீன் வந்துட்டாருடா, தீர்ப்பு சொல்லப் போறாரு" என்றான் ஒருவன்.

"நின்னுக்கினு பாத்தா தெரிலபா" என்றார் பொன்னுரங்கம். "படுத்துக்கினு பாத்தாத்தான் தெரியும்."

கூட்டம் மறுபடி சிரித்தது. ராவ் சார் சிரிக்கவில்லை. செயின் புளாக்கை மாட்டி ஒரு கல்லைத் தூக்கச் சொன்னார். இரண்டு முனையிலும் மரக்கட்டைகளை இடுப்புயரத்துக்கு அடுக்கி, அதன் மேல் கல்லை இறக்கச் சொன்னார். தானே கட்டைகளை அசைத்துப் பார்த்தார். "நீங்க எப்படிப் படுப்பீங்க?" என்று கேட்டார்.

"தெக்க தலை வச்சு. வடக்க எவனாவது தலை வப்பானா? காலைத் தூக்கி அந்த மேக்கு மூலைத் தூண்ல வச்சுக்குவேன்."

"படுங்க."

அவர் கல்லுக்கு அடியில் படுத்தார். உயர்த்தி வைக்கக் கால் பக்கம் ஒரு கட்டையைப் போட்டோம். அப்புறம் ராவ் சார் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளைச் சட்டையோடு மண்ணில் அவர் பக்கத்திலேயே மல்லாந்து படுத்துவிட்டார். கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது என் மூஞ்சிக்கு நேரா இருந்ததுபா. தலைமாட்டுலேர்ந்து மூணாவது" என்றார் பொன்னுரங்கம். "அந்தக் குழி இருக்குது பாரு, அதுல குளவி கூடு கட்டும். குழி கிழக்கால பக்கம் வரணும். நீங்க திருப்பிப் போட்டு வச்சிருக்கீங்க."

"நிச்சயமாத் தெரியுமா, தெரியும்னு நினைக்கிறீங்களா?"

"சார், பதினோரு வருசமா பகலெல்லாம் இதைத்தான் பாத்துக்கினு இருந்தேன். என் பொண்ணு மூஞ்சியக் கூட இவ்ளோ பாத்ததில்ல."

ஒவ்வொரு கல்லாக அந்தக் கட்டைகள் மேல் ஏற்றிக் காட்டினோம். மீன் கல் இரண்டாவது. பாதித் தாமரை போட்டது நாலாவது. உளித் தடம் கோணலாகப் போகிற கல் ஐந்தாவது, தலைமாட்டுக்கு மேலே இருந்த மொட்டைக் கல் முதலாவது. இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் ராவ் சார் ஒவ்வொரு கல்லுக்கும் கூடவே படுத்தார், அதே கேள்வியைக் கேட்டார். நான் எழுதிக்கொண்டேன், இந்தத் தடவை நீள அகலக் கனத்தோடு. மிச்சம் இரண்டு கற்கள். ஆறாவது எது, ஏழாவது எது?

பொன்னுரங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். சாமி வர மூன்று நாள்தான்.

"எதையாவது ஒண்ணைச் சொல்லுபா" என்று ஏகாம்பரம் கெஞ்சினார்.

"தெரிலயேபா" என்றார் அவர். "அந்தக் கடைசி ரெண்டும் எனக்குத் தெரியாது. என் காலு மறைச்சிக்கினு இருக்கும்."

ராவ் சார் எழுந்து உட்கார்ந்தார். சட்டை முதுகெல்லாம் மண். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. "கோதண்டம், மத்த அஞ்சும் சரி" என்று என்னிடம் சொன்னார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவர், தெரிஞ்சதைச் சரியாத்தான் சொல்லியிருப்பார். ஏத்து."

ஐந்து கற்களை ஏற்றினோம். ஓரங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. மிச்சம் இரண்டை ஒரு விதமாக வைத்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. மாற்றி வைத்தோம், வெளிச்சம் மறைந்தது. மேலே நின்றுகொண்டிருந்த நான் அழுதேன். கண்ணில் கல்தூசி என்று கீழே சொன்னேன்.

ஆறாம் நாள் காலையில் சாமி வந்தது. மேளமும் வேட்டும் கூட்டமுமாகத் தெரு நிறைந்திருந்தது. சாமியைத் தூக்கி வந்தவர்கள் மண்டபத்தில் இறக்கி வைத்தார்கள், பட்டைச் சாத்தினார்கள். தனபாக்கியம் அம்மாள் வாய்விட்டு அழுதார். நான் சாமியைப் பார்க்கவே இல்லை, கூரையின் கடைசி இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை.

என் வேலை போகவில்லை. ஆனால் பணி நிரந்தரம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அது நியாயம்தான். ராவ் சார் எழுதிய அறிக்கையில், கூரைக் கற்களின் வரிசை பொன்னுரங்கம் என்ற நெசவாளரின் சாட்சியப்படி அமைக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது. தறியை விட்ட மனிதரை நெசவாளர் என்றே எழுதியிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் சந்தோஷமாகவே போனில் சொல்லியிருப்பேன்.

அடுத்த வருஷம் மண்டபம் பாதுகாக்க வேண்டிய சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. அறிக்கை அவ்வளவு நன்றாக இருந்ததாம். ராவ் சார் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். உத்தரவு என் கைக்கு வந்தது. மண்டபத்தில் யாரும் படுக்கக்கூடாது, ஆடுமாடு கட்டக்கூடாது, தூண்களில் கயிறு கட்டக்கூடாது. நாலு பக்கமும் இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்ட வேண்டும். சாவி நாட்டாண்மையிடம் இருக்கும். வருஷத்தில் ஒரு நாள் திறக்கலாம். தெருவில் யாரும் எதிர்க்கவில்லை. "இனிமே சுத்தமா இருக்கும்" என்றார் ஏகாம்பரம். பாவு கட்ட அவர்கள் வேறு இடத்தில் மரக்கால் நட்டுக்கொண்டார்கள்.

எழுதிக் கேட்டிருக்கலாம். பகலில் மட்டுமாவது திறந்து வைக்கலாமா என்று மேலே ஒரு வரி எழுதியிருக்கலாம். நிரந்தரம் ஆகாத பயம், எழுதவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றுவரை என்னிடம் சமாதானம் இல்லை.

கம்பிக் கதவு மாட்டுகிற அன்று பொன்னுரங்கம் வந்து நின்றார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். தூக்குக் குண்டு நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் நான் தவிப்பதைப் பார்த்து, தானே வந்து பிடித்துக்கொண்டார். நாலு பக்கமும் அவர்தான் பிடித்தார். கதவு ஒரு நூல் கூடச் சாயவில்லை. வேலை முடிந்ததும் கம்பியில் நெற்றியை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வெளிலேர்ந்து பாத்தா மேல ஒண்ணுமே தெரிலயேபா."

நான் பூட்டை மாட்டினேன்.

"மறுபடியும் எப்பனா இதைக் கழட்டினீங்கன்னா, யாரைப் போயி கேப்பீங்க?"

"மறுபடியும் கழட்ட மாட்டாங்கண்ணே" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு புதுச் சாலைப் பக்கம் நடந்தார். நான் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருந்தேன்.